ஏழே கால் வகுப்பு

போன வாரம் லிஸ்ட் அக்காவை நட்டாற்றில் விட்டுவிட்டு வந்தோம். "ஸ்கூலுக்கு நான் மட்டும் போய்ப் பேசிட்டு வரேன், யாரும் கூட வர வேண்டாம்" என்று வீட்டில் வீறாப்பாகச் சொல்லிவிட்டாள். ஏன் தனியாகப் போகிறேன் என்கிறாள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்துபோயிருக்கும், நானும் வேறு வேலை பார்க்கப் போயிருப்பேன்.

இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு இரண்டு வரி. லிஸ்ட் அக்கா பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ்களுக்கு டியூட்டி லிஸ்ட் போடுகிறவள். வீட்டுக்காரர் ரொட்டி வண்டி ஓட்டுகிறார். விடியுமுன் கிளம்பினால் காலை ஒன்பது மணிக்குத்தான் திரும்புவார். பெண்கள் இரண்டு. மூத்தவளுக்குப் பதினைந்து வயது. எந்நேரமும் மேகத்தை அண்ணாந்து பார்த்து "மூணு மணிக்குள்ள மழை வரும்" என்பாள், பாதி நாள் பலிக்கவும் செய்யும். அதனால் அப்பா வைத்த பெயர் வானிலை. சின்னவள் பொடிசு. வயது நாலு, வாய் நாற்பது.

இரண்டு வரி நாலு வரியாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், விஷயமே இனிமேல்தான்.

வானிலைக்கு வானிலை ஆராய்ச்சிதான் படிக்க வேண்டுமாம். அதற்கு வரும் வருஷம், பதினொன்றாவதில், அட்வான்ஸ்டு பிசிக்ஸ் எடுக்க வேண்டும். அட்வான்ஸ்டு பிசிக்ஸ் எடுத்தால் கூடவே அட்வான்ஸ்டு மேத்ஸும் எடுத்தாக வேண்டும். அட்வான்ஸ்டு மேத்ஸ் எடுக்க, ஒன்பதாவதிலேயே ஸ்பெஷல் மேத்ஸ் பிரிவில் சேர்ந்து இரண்டு வருஷம் படித்திருக்க வேண்டும். வானிலை படிக்கவில்லை. அந்தப் பிரிவுக்கான தேர்வில் தான் தேறவில்லை என்று இரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறாள்.

அவள் தேறியிருந்தாள். அந்த வீட்டில் அது ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும்.

பாடத் தேர்வுப் படிவம் கொடுக்க இன்று வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி வரைதான் கெடு.

*

காலையிலிருந்தே லிஸ்ட் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

லிஸ்ட் அறையில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைப் பலகை. அதில் அறுபத்துநாலு பேர், மூன்று ஷிப்ட், ஏழு நாள். யார் யாரோடு ஒத்துப்போக மாட்டார்கள், யாருக்கு இடுப்புவலி, யாருடைய பிள்ளைக்குப் பரீட்சை, எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு பெயரை அழித்தால் எங்கெங்கே ஓட்டை விழும் என்று பார்க்காமலே சொல்லுவாள். அப்படிப்பட்டவள் இன்று ஒரே நர்ஸை ஒரே நாளில் இரண்டு வார்டில் போட்டு வைத்தாள்.

"அக்கா, இவங்க என்ன ரெட்டைப் பிறவியா?" என்று கேட்டாள் சுருட்டை. முடி சுருட்டையாக இருக்கிற உதவி கிளார்க் அவள். நாலு வருஷமாகப் பக்கத்து நாற்காலி.

"அழிச்சிடு."

"உடம்பு சரியில்லையா?"

"மதியம் பொண்ணு ஸ்கூலுக்குப் போகணும்."

"அதுக்கா இப்படி வேர்க்குது? நீங்க பேசற பேச்சுல அவங்க சீட்டோட சேத்து நாற்காலியையும் தூக்கிக் குடுத்துடுவாங்க!"

லிஸ்ட் அக்கா சிரித்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

மதியம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வீட்டுக்காரரிடமிருந்து போன்.

"நானும் வந்துடட்டுமா? குளிச்சு ரெடியா இருக்கேன். நல்ல சட்டை போட்டாச்சு."

"எதுக்கு? பொடிசை யாரு பாக்கறது?"

"அக்கா வீட்ல விட்டுட்டு வரேன். ஸ்கூலுக்குப் பின்னாடி ரெண்டாவது தெருதானே."

"வேண்டாம்!" என்றாள். போட்ட சத்தத்தில் வராந்தாவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். குரலை இறக்கிக்கொண்டாள். "அண்ணிகிட்டப் போனா ஆயிரம் கேள்வி கேப்பாங்க. நானே பாத்துக்கறேங்க."

அண்ணி என்றது அவருடைய அக்காவை. வீட்டிலேயே துணி தைக்கிறவர், நல்ல மனுஷிதான். ஆனால் யார் வீட்டில் ஒரு விஷயம் மறைந்திருந்தாலும் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

"சரி சரி. கணக்கு சார் என்ன சொன்னாராம் தெரியுமா? இந்தப் பொண்ணு ஸ்பெஷல் மேத்ஸ்ல இல்லாதது அவருக்கே ஆச்சரியமா இருக்காம். ஏதோ தப்பு நடந்திருக்குன்னாராம். நீ அதைக் கேளு. விடாத."

"கேக்கறேன்."

போனை வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

*

பாட ஆலோசகரின் அறை மாடியில், நூலகத்துக்குப் பக்கத்தில். உள்ளே நுழைந்ததும் லிஸ்ட் அக்காவின் கண் சுவரில் இருந்த அட்டவணைக்குத்தான் போயிற்று. ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை வண்ண வண்ணக் கட்டங்கள், கட்டத்துக்குக் கட்டம் அம்புக்குறி. மற்ற பெற்றோர் அதைப் பார்த்து மண்டையைச் சொறிவார்கள். இவளுக்கு ஒரு பார்வை போதும். எல்லா அம்பும் முன்னோக்கித்தான் போயின. பின்னால் வர ஒன்றுகூட இல்லை.

ஆலோசகர் ஐம்பது வயது அம்மாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதையே மேஜையில் தேடிக்கொண்டிருந்தார்.

"உக்காருங்கம்மா. உங்க பொண்ணுக்கு பிசிக்ஸ்ல தொண்ணூத்தி நாலு. மேத்ஸ்ல தொண்ணூத்தி ஒண்ணு, ஆனா அது சாதாரணப் பிரிவு மேத்ஸ். அங்கதான் இடிக்குது."

"லீவுல ஏதோ கிளாஸ் இருக்குன்னு கணக்கு சார் சொன்னாராம்."

"இருக்கு. இணைப்பு வகுப்பு. ரெண்டு வருஷப் பாடத்தை ஆறு வாரத்துல அமுக்கிடுவாங்க. கடைசியில ஒரு டெஸ்ட். அதுல தேறிட்டா அட்வான்ஸ்டு மேத்ஸ், அட்வான்ஸ்டு பிசிக்ஸ் ரெண்டுமே கிடைக்கும். வர்ற திங்கக்கிழமை ஆரம்பம், அதே காலை ஏழே காலுக்குத்தான். இருபது இடத்துல பத்தொன்பது போச்சு."

"அந்த ஒண்ணை எங்களுக்குக் குடுங்க."

"கேட்டவங்களுக்கெல்லாம் குடுக்க முடியாதும்மா. ஒன்பதாவதுல தேர்வு எழுதித் தேறி, ஆனா வீட்டுச் சூழ்நிலையால சேர முடியாமப் போனவங்களுக்காகத்தான் இந்த வகுப்பே." கண்ணாடி ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. கோப்பைப் பிரித்து ஒரு தாளை அவள் பக்கம் திருப்பினார். "உங்க பொண்ணு அப்படித்தான். தேறியிருக்கா, அதுவும் மூணாவது இடம். நீங்கதான் வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

மூணாவது இடம். அது அவளுக்கும் புதுச் செய்தி. அன்றைக்கு வந்த கடிதத்தில் தேர்வானாள் என்று மட்டும்தான் இருந்தது.

தாளில் அவள் கையெழுத்து. "குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகளுக்கு இந்த இடம் வேண்டாம்." குண்டு குண்டான எழுத்து, லிஸ்ட்டில் நர்ஸ்களின் பெயரை எழுதுகிற அதே எழுத்து. அதை யார் எழுதியது என்று கேட்கவே வேண்டியதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய கதையை இப்போது சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. அப்போது பொடிசுக்கு இரண்டு வயது. குழந்தைக் காப்பகம் எட்டு மணிக்குத்தான் திறக்கும். அப்பா ரொட்டி வண்டியில். அம்மாவுக்கு ஏழு மணி டியூட்டி. ஆறரையிலிருந்து எட்டு வரை பொடிசோடு இருந்து, காப்பகத்தில் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போகிறவள் வானிலை. ஸ்பெஷல் மேத்ஸ் வகுப்போ காலை ஏழே காலுக்கு.

லிஸ்ட் அக்கா வேலை நேரத்தை ஒன்பது மணிக்கு மாற்றித் தரச்சொல்லிக் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த மாதம்தான் லிஸ்ட் அறைக்குப் பொறுப்பாளர் போடப்போவதாகப் பேச்சு. காலையில் வர முடியாது என்கிறவளுக்கு யார் பொறுப்பைக் கொடுப்பார்கள்? பத்து வருஷமாக அடுத்தவர் எழுதிய லிஸ்ட்டைப் படி எடுத்துக்கொண்டிருந்தவள் அவள். அந்த நாற்காலி அவளுக்கு வேண்டும்தான், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஓய்வறையில் டீ ஆறுவதற்குள் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு உறையில் வைத்து ஒட்டிவிட்டாள். பொறுப்பும் கிடைத்தது.

தேறியவர்கள் வீட்டுக்கு மட்டும் கடிதம் அனுப்புவது அந்தப் பள்ளியின் வழக்கம். தேறாதவர்களுக்கு ஒன்றும் வராது. வானிலை ஒரு வாரம் தினமும் கேட்டாள், "அம்மா, லெட்டர் வந்துச்சா?" என்று.

"வரல" என்றாள் அம்மா. ஒரே ஒரு சொல்தான். நீ தேறவில்லை என்று அவள் வாயால் சொல்லவே இல்லை. அதை வைத்துத்தான் இரண்டு வருஷமாக மனசுக்குச் சப்பைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தப் படிவத்தை நிரப்பணும்மா," என்று ஆலோசகர் இரண்டு பக்கத் தாள் ஒன்றை நீட்டினார். "அப்போ ஏன் வேண்டாம்னீங்கன்னு உங்க கைப்பட விவரமா எழுதணும். குடும்பச் சூழ்நிலைன்னு மொட்டையா எழுதினா எடுத்துக்க மாட்டாங்க. அதை உங்க பொண்ணு படிச்சுப் பாத்துட்டுக் கீழ கையெழுத்துப் போடணும்."

லிஸ்ட் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவளும் போடணுமா? நான் மட்டும் போட்டாப் போதாதா?"

"போதாதும்மா. படிக்கப்போறது அவதானே? சில வீட்ல பிள்ளைக்கே தெரியாம வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறாங்க. அதனாலதான் இந்த ஏற்பாடு." அவர் யதார்த்தமாகத்தான் சொன்னார். "உங்க பொண்ணுக்கு விஷயம் தெரியும்ல?"

"ம்... தெரியும்."

இன்னொரு பொய். கணக்கில் ஒன்று கூடிவிட்டது.

"அப்ப என்ன, சுலபம். நாலு மணிக்குள்ள கீழ கவுண்டர்ல குடுத்துடுங்க. ஒரு நிமிஷம் தாண்டினாலும் அங்க இருக்கற கிளார்க் வாங்க மாட்டான், கடிகாரத்தைத்தான் கட்டிக்கிட்டிருக்கான்."

*

நூலகத்துக்கு வெளியே ஒரு பெஞ்சு. எதிர்ச் சுவரில் கடிகாரம். மூன்று மணி ஐந்து நிமிஷம்.

லிஸ்ட் அக்கா படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். 

எழுதினால் வானிலை படிப்பாள். எழுதாவிட்டால் இடம் போகும். எழுதி, படிக்காமல் கையெழுத்து வாங்க முடியுமா? "சீக்கிரம் போடு, டைமாச்சு" என்று அவசரப்படுத்தினால்? முடியாது. பிஸ்கட் உறையில் இருப்பதைக்கூட ஒரு வரி விடாமல் படிக்கிற பெண் அது. அடுத்த வருஷம் பார்க்கலாமா? அடுத்த வருஷம் அந்தக் கட்டமே கிடையாது, அட்டவணையைத்தான் பார்த்தாளே. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

அறுபத்துநாலு பேருக்கு ஓட்டை அடைக்கத் தெரிந்தவள் ஒரே ஒரு பெண்ணுக்கு வழி தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வழி இருக்கத்தான் செய்தது, சொன்னால் என்ன. "சீட் இல்லையாம்" என்று சொல்லிவிட்டால் போதும். வானிலை இரண்டு நாள் அழுவாள். வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தை நாலு திட்டுத் திட்டுவார். அந்தக் கோப்பு அலமாரிக்குள் போய்விடும். யாருக்கும் தெரியாது.

யாருக்கும் தெரியாது என்கிற நினைப்பு எவ்வளவு சுகமாக இருந்தது! அது அப்படிச் சுகமாக இருந்ததை நினைத்துத்தான் அவளுக்கு அவள்மேலேயே வெறுப்பு வந்தது.

பேனாவை எடுத்தாள், எழுதினாள். எழுத ஆரம்பித்ததும் நிற்கவில்லை, மளமளவென்று ஆறு வரி எழுதி முடித்தாள். ஆனால் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எழுதிவிடலாம், கொடுக்கத்தானே வேண்டும்? அதற்கு இன்னும் மனசு வரவில்லை.

மூன்றரைக்கு மணி அடித்தது. படி முழுக்கப் பிள்ளைகள். நடுவில் வானிலை, இரண்டு இரண்டு படியாகத் தாவி வந்தாள்.

"என்னம்மா? இருக்கா, இல்லையா?"

லிஸ்ட் அக்கா பையை மடியோடு இறுக்கிக்கொண்டாள்.

அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வானிலையின் வேகம் குறைந்தது. பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தானே சிரித்தும்கொண்டாள்.

"இல்லைன்னா சொல்லிடும்மா, பரவால்ல. நான் ஒண்ணும் எதிர்பாக்கல. எனக்கும் கணக்குக்கும் ஆகாதுன்னு ஒன்பதாவதுலயே தெரிஞ்சதுதானே? கணக்கு சார்தான் சும்மா ஏத்திவிட்டுட்டாரு." அம்மாவின் முழங்காலைத் தட்டினாள். "நீ எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருக்க? மக்குப் பொண்ணைப் பெத்தது உன் தப்பா?"

தேற்றுகிறாளாம். அதை அம்மாவால் தாங்க முடியவில்லை. பையைத் திறந்து படிவத்தை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"படி."

வானிலை படித்தாள்.

"ஒன்பதாம் வகுப்பில் என் மகள் ஸ்பெஷல் மேத்ஸ் தேர்வில் தேறினாள். கடிதம் என் கைக்கு வந்தது. அவள் காலை ஏழே காலுக்குப் பள்ளிக்கு வந்தால் என் சின்ன மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. என் வேலை நேரத்தை மாற்றிக் கேட்டால் எனக்கு வர இருந்த பொறுப்பு போய்விடும் என்று பயந்தேன். அவளையும் என் கணவரையும் கேட்காமல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். கடிதம் வரவில்லை என்று அவளிடம் பொய் சொன்னேன்."

"நான் தேறினேனா?"

"மூணாவதா வந்தே."

"மூணாவதா!" வானிலையின் முகம் மலர்ந்தது. ஒரு நொடி, பரிசு வாங்கிய பிள்ளையின் முகம். அப்புறம் மறுபடி தாளைப் பார்த்தாள். மலர்ந்தது அப்படியே வாடிப்போயிற்று.

"ரெண்டு வருஷமா நான் மக்குன்னு நெனச்சிட்டிருந்தேம்மா."

"தெரியும்டி."

"தெரியுமா? நான் கிளாஸ்ல கை தூக்கறதையே விட்டுட்டேன். தொண்ணூத்தி ஒண்ணு வாங்கினப்போகூட ஏதோ குருட்டாம்போக்குல வந்துச்சுன்னு நெனச்சேன். தினம் கேட்டேனே? ஒரு வாரம் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் வரலன்னியே."

"பொடிசை விட்டுட்டு..."

"பொடிசைச் சொல்லாத. அவ என்ன பண்ணா?"

லிஸ்ட் அக்கா பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள்.

"என்கிட்டக் கேட்டிருந்தா நானே சரின்னு சொல்லியிருப்பேன். கிளாஸ் வேண்டாம், தங்கச்சியைப் பாத்துக்கறேன்னு சொல்லியிருப்பேன். அது தெரியாதா உனக்கு?"

"தெரியும். அதனாலதான் கேக்கல," என்றாள் லிஸ்ட் அக்கா. இரண்டு வருஷமாகத் தனக்குத் தானே கூடச் சொல்லிக்கொள்ளாதது வெளியே வந்தது. "உன் வாயாலேயே வேண்டாம்னு சொல்ல வெச்சுட்டு, அப்புறம் தினமும் உன் மூஞ்சியில எப்படி முழிக்கறது? அந்தப் பயம்தான்."

"இப்ப முழிக்க முடியுதா?"

லிஸ்ட் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் மூக்கு நுனி வரை வந்து நின்றது. வானிலை அழவில்லை. அழுதிருந்தால் அணைத்துக்கொள்ளவாவது ஒரு சாக்குக் கிடைத்திருக்கும்.

"பேனா குடு," என்றாள்.

கையெழுத்துப் போட்டாள். பக்கத்தைத் திருப்பினாள். கடைசிக் கேள்விக்கு எதிரே காலியாக இருந்தது. "அந்தக் காரணம் இப்போது நீங்கிவிட்டதா? எப்படி?"

"இதை ஏன் விட்டுட்ட?"

"என்ன எழுதறதுன்னு தெரியல. பொடிசு ஸ்கூல் இப்பவும் எட்டு மணிக்குத்தான் திறக்குது. எனக்கும் ஏழு மணி டியூட்டி. இங்க பொய் எழுத வேண்டாம்னு..."

"ம்."

வானிலை பெஞ்சில் தாளை வைத்துக் குனிந்து ஏதோ எழுதினாள். முடித்ததும் மடித்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். "வா, டைமாச்சு."

*

கவுண்டரில் வரிசை. இவர்களுக்கு முன்னால் நாலு பேர். கடைசி நாள் என்றால் எல்லாருக்கும் கடைசி மணி நேரத்தில்தானே கால் முளைக்கும். கிளார்க் ஒவ்வொரு படிவத்தையும் வாய்விட்டுப் படித்து, சரிதானே என்று கேட்டு, முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.

இவர்கள் முறை வந்தபோது நாலாக நாலு நிமிஷம்.

முதல் பக்கத்தை அவர் முணுமுணுவென்று படித்தார். நடுவில் ஒருமுறை நிமிர்ந்து லிஸ்ட் அக்காவைப் பார்த்தார். அவள் கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் நின்றவரின் மூச்சு தோளில் பட்டது. ஓடவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது.

"கடைசிக் கேள்வி. காரணம் நீங்கிவிட்டதா? ஆம். மாணவி திங்கள்கிழமை முதல் பள்ளிக்கு அருகில் உள்ள தன் அத்தை வீட்டில் தங்கிப் படிப்பார்." கிளார்க் முத்திரையைக் கையில் எடுத்தார். "சரிதானேம்மா?"

லிஸ்ட் அக்கா திரும்பி மகளைப் பார்த்தாள். வானிலை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல, வந்து..."

"இல்லையா? இல்லைன்னா அடிச்சிட்டு வேற எழுதணும். அடிச்ச இடத்துல ஆலோசகர் கையெழுத்துப் போடணும். அவங்க மாடியில இருக்காங்க. மூணு நிமிஷம் இருக்கு."

மாடிக்கு முப்பது படி. முப்பது படி ஏறினாலும் அங்கே போய் வேறு என்ன எழுதுவாள்? காலை ஏழே காலுக்குப் பொடிசோடு இருக்க வேறு எந்தப் பெயரை அந்தக் கட்டத்தில் போடுவாள்?

"அம்மா, சரிதானான்னு கேக்கறேன்."

"சரிதான்," என்றாள் லிஸ்ட் அக்கா.

முத்திரை விழுந்தது. இருபதாவது இடம் வானிலைக்கு.

*

வெளியே பஸ் நிறுத்தம் வரை வானிலை முன்னால் நடந்தாள், அம்மா பின்னால்.

"அத்தையைக் கேக்கவே இல்லையே நீ?" என்று மெதுவாக ஆரம்பித்தாள் அம்மா.

"இப்பதான் போய்க் கேக்கப்போறேன். நடந்தா அஞ்சு நிமிஷம்."

"ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

வானிலை அவளைப் பார்த்த பார்வையில், அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே கூடாது என்று லிஸ்ட் அக்காவுக்குப் புரிந்தது.

"கோவத்துலதானே போற?"

"கோவம்தான். அதோட, ஏழே காலுக்குக் கிளாஸுக்கும் வரணும். ரெண்டும்தான்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அப்பாகிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன். நீ ஏன் அப்படிப் பண்ணேன்னு அவர் கேட்டா, அதை எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

"வீட்டுக்கு வருவேல்ல?"

"டிரெஸ் எடுக்க வருவேன்."

போய்விட்டாள். பின்னல் முதுகில் ஆட, திரும்பிப் பார்க்காமல் தெரு முனையில் மறைந்தாள்.

பஸ் வந்தது, ஏறவில்லை. லிஸ்ட் அக்கா நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். ஏன் போட்டோம் என்று அவளுக்கே தெரியாது, கை அதுவாகப் போட்டது.

"சுருட்டை, திங்கக்கிழமையிலேருந்து காலை ஏழுல என் பேரை எடுத்துடு. ஒன்பதுன்னு போடு."

"சரிக்கா. காலை லிஸ்ட்டை யாரு பாக்கறது?"

"தெரியல."

"இதுக்கென்னக்கா, நான் பாத்துக்கறேன். என் வீட்ல யாரு இருக்கா, எழுப்பி ஊட்டிவிட? எவ்ளோ நாளைக்கு?"

"தெரியல."

"சரி, போட்டாச்சு. சீட் கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"நான்தான் சொன்னேன்ல!"

மொத்தமே ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

லிஸ்ட் அக்கா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்கப் பயம், சரி. பொறுப்பு கிடைத்த மறுமாதம் கேட்டிருக்கலாமே? அப்போது லிஸ்ட் அவள் கையில்தானே இருந்தது? அறுபத்துநாலு பேரின் பெயரை வாரா வாரம் இங்கிருந்து அங்கே மாற்றிப் போட்டவளுக்கு, தன் பெயரையும் அழித்து எழுதலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பக்கத்திலிருந்த ஒரு பெரியவர் என்ன செய்வதென்று தெரியாமல் தள்ளி உட்கார்ந்தார்.

வானிலைக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. "காலையில் பொடிசோடு நான் இருக்கிறேன். நீ எங்கேயும் போக வேண்டாம். வீட்டுக்கு வா" என்று தட்டி அனுப்பினாள். பதில் வரவில்லை. அடுத்த பஸ்ஸும் போயிற்று. மூன்றாவது பஸ்ஸில்தான் ஏறினாள்.

வழி நெடுக வீட்டுக்காரரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தாள். முதலில் சீட் கிடைத்ததைச் சொல்ல வேண்டும், அவர் சந்தோஷப்படட்டும். பொடிசு தூங்கியபின் பக்கத்தில் உட்கார்ந்து மெள்ள மற்றதைச் சொல்லலாம். கையைப் பிடித்துக்கொண்டு சொல்லலாம். இப்படியெல்லாம் பக்குவமாக அடுக்கி வைத்துக்கொண்டு படியேறினாள்.

கதவு திறந்தே இருந்தது. வீட்டுக்காரர் அந்த நல்ல சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் போன். பொடிசு அவர் காலடியில் கலர் பென்சிலோடு, வாயே திறக்காமல் இருந்தாள். வாயாடி அடங்கியிருப்பதைப் பார்த்ததுமே ஏதோ நடந்திருக்கிறது என்று லிஸ்ட் அக்காவுக்குப் புரிந்தது.

"சீட் கிடைச்சிடுச்சுங்க," என்றாள் வாசலிலிருந்தே.

"ம். அக்கா சொன்னா. இப்பதான் போன் பண்ணா." அவர் எழுந்திருக்கவில்லை. குரலும் உயரவில்லை. இந்தப் பதினேழு வருஷத்தில் அவள் கேட்டிராத குரல் அது. "பொண்ணு அங்க உக்காந்து அழறாளாம். எதுக்குன்னு கேட்டா, ஏதோ லெட்டர்ங்கறாளாம். மேல எதுவும் சொல்ல மாட்டேங்கறாளாம், அம்மா சொல்வாங்கன்னு மட்டும் சொல்றாளாம்."

லிஸ்ட் அக்கா செருப்பைக் கழற்றவும் மறந்து வாசற்படியிலேயே நின்றாள். 

"சொல்லு," என்றார் அவர். "என்ன லெட்டர்?"